கொழும்பு வீட்டுக்கு முழு வீட்டு ஃபில்டர்: எதை, எந்த இடத்தில் பூட்டுவது?

கேள்வி: வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்து களுபோவிலையில் சொந்த வீட்டுக்கு மாறியிருக்கிறோம். பைப் தண்ணீரும் உண்டு, பழைய கிணறும் உண்டு. பைப் தண்ணீர் சில நாள் காலையில் செம்மண் நிறத்தில் வருகிறது. கிணற்றுத் தண்ணீர் அள்ளும்போது தெளிவு, வாளியில் வைத்தால் மறுநாள் பழுப்பு. வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர் இரண்டு கிளாஸில் தண்ணீர் எடுத்து, கம்பி வைத்த கருவி ஒன்றை விட்டுக் காட்டினார். அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது, எங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. சாப்ட்னர், கார்பன், ஆர்.ஓ. மூன்றையும் முழு வீட்டுக்கும் பூட்ட வேண்டுமாம். செய்யலாமா?

பதில்: அந்தக் கம்பி வித்தையில் இருந்தே தொடங்குகிறேன். அது என் அம்மாவின் வீட்டு வரவேற்பறையிலும் நடந்தது. அம்மா அன்று பயந்து, ஒரு கிழமைக்கு போத்தல் தண்ணீரில் சோறு சமைத்தார்.

அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, மற்றது அலுமினியம். கரண்ட் போட்டதும் தண்ணீரில் உள்ள உப்புகள் வழியாக மின்சாரம் ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகி மிதக்கும். நீங்கள் பார்த்த அழுக்கு முழுக்க அந்தக் கம்பியில் இருந்து வந்ததுதான். அவர் கொண்டுவந்தது ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடித்தது. அதில் கரைந்த உப்பு அனேகமாக இல்லை, அதனால் கரண்ட் சரியாக ஓடாது, கம்பியும் கரையாது. நம்பாவிட்டால் அடுத்த முறை அவர் வரும்போது அவருடைய சுத்தமான கிளாஸில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு கருவியை விடச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும். அன்று நாங்கள் அதைச் செய்தோம். தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது உங்கள் தண்ணீருக்கு வருவோம். கொழும்பு நகரத்துக்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்கும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை தரும் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையில் இருந்து அம்பத்தலேயில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வருகிறது. லபுகம 1880களில் வெள்ளைக்காரர் கட்டியது, இன்றும் ஓடுகிறது. எல்லாமே மழைத் தண்ணீர், பாறை மேல் ஓடி வருவது. அதனால் மிகவும் மென்மையான தண்ணீர், சுண்ணாம்பு அனேகமாக இல்லை. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு லேசில் கட்டாது. யாழ்ப்பாணத்தில் ஆறு மாதத்தில் கேத்தலுக்குள் சுண்ணாம்புச் சுவரே எழும்பிவிடும், ஏனென்றால் அங்கே கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது.

சாப்ட்னர் என்ற கருவி அந்தச் சுண்ணாம்பை எடுக்கத்தான். உள்ளே இருக்கும் பிசின் மணிகள் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். கொழும்பு பைப் தண்ணீருக்கு இதைப் பூட்டுவது மொட்டந்தலைக்குச் சீப்பு வாங்குவது. வேண்டாம்.

முழு வீட்டுக்கும் ஆர்.ஓ.வும் வேண்டாம். உள்ளே போகும் தண்ணீரில் பாதியையோ அதற்கு மேலேயோ கழிவாகக் கானுக்குள் தள்ளிவிடும். மலசலகூடத்துக்கு அடிக்கும் தண்ணீரை ஏன் ஆர்.ஓ.வில் வடிக்க வேண்டும்? கரைந்த உப்பு அளவை, அதாவது டி.டி.எஸ்.ஸை, இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 லீற்றருக்கு 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. நம் பைப் தண்ணீர் சாதாரண நாளில் அதற்கு வெகு கீழே நிற்கும். அப்புறம், அந்தச் சின்ன டி.டி.எஸ். மீற்றரில் காட்டும் எண் குறைவென்றால் நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிருமி அதில் தெரியாது. மலக்குழி கசிந்து கலந்த தண்ணீரும் 80 என்று காட்டலாம்.

சரி, அப்படியானால் காலையில் வரும் செம்மண் நிறம் எங்கிருந்து? இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். நிறமில்லாத போத்தல் இரண்டு எடுங்கள். ஒன்றில் மீற்றருக்கு அடுத்துள்ள முதல் பைப்பில், தாங்கிக்குள் போகாத தண்ணீரைப் பிடியுங்கள். மற்றதில் குளியலறைப் பைப்பில், காலையில் முதல் திறந்ததும் வரும் தண்ணீரைப் பிடியுங்கள். மூன்று நான்கு நாள் இப்படிப் பாருங்கள். இரண்டும் கலங்கலாக இருந்தால் வீதிக் குழாயில் இருந்து வருகிறது. கொழும்பில் நூறு வயது கடந்த வார்ப்பிரும்புக் குழாய்களும் மண்ணுக்குள் கிடக்கின்றன. குழாய் வெடித்துத் திருத்தினாலோ, தண்ணீர் வெட்டு முடிந்து மறுபடி வேகமாக வந்தாலோ உள்ளே படிந்த துரு கிளம்பும். மீற்றர்ப் பக்கம் தெளிவாகவும் குளியலறைப் பக்கம் கலங்கலாகவும் இருந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். வீடும் பழையது என்றால் சுவருக்குள் ஜி.ஐ. குழாய், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய் இருக்கும், இரவு முழுக்கத் தண்ணீர் நின்று துருவை ஊறவைக்கும். இதற்கு வாசலில் எத்தனை ஃபில்டர் பூட்டினாலும் பிரயோசனமில்லை. துரு ஃபில்டருக்குப் பிறகு அல்லவா கலக்கிறது! குழாயை பி.வி.சி.க்கு மாற்றுவதுதான் மருந்து.

மூன்றாவது சாத்தியம் தாங்கி. ஏணி வைத்து ஏறி மூடியைத் திறந்து பாருங்கள். இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள், பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. பல்லி, காக்காய் இறகு, அடியில் இரண்டு அங்குலச் சேறு, சில வீட்டில் நுளம்புக் குடம்பி. கொழும்பில் டெங்கு இருக்கும்போது மூடி சரியாகப் பொருந்தாத தாங்கி தண்ணீர்ப் பிரச்சினையோடு நிற்காது. நிலத்துக்குக் கீழே சம்ப் என்ற தொட்டி இருந்தால் அதையும் பாருங்கள். சம்புக்கும் மலக்குழிக்கும் எத்தனை அடி, சுவரில் வெடிப்பு உண்டா, மூடி நிலமட்டத்தில் இருந்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா? 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் கிணறும் சம்பும் சேர்ந்து மூழ்கின. அந்த வீடுகளில் மறுபடி தண்ணீர் குடிப்பதற்கு முன் செய்யவேண்டியிருந்த வேலையை உங்கள் தாங்கிக்கு நீங்கள் இப்போதே ஒரு தடவை செய்துவிடலாம்.

தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தாங்கியை நிரப்பி, 1000 லீற்றருக்கு வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச், 5 வீதம் என்று போத்தலில் போட்டிருப்பது, ஒரு லீற்றர் ஊற்றுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கு இது. வீட்டில் உள்ள ஒவ்வொரு பைப்பையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, நான்கு மணித்தியாலம் விட்டு, முழுவதையும் வடித்துவிடுங்கள். அதுவரை யாரும் குளிக்கவும் குடிக்கவும் கூடாது. பூந்தொட்டிக்கும் ஊற்றாதீர்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும்.

இப்போது ஃபில்டர். இங்கேதான் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் பிழை விடுகிறார்கள். அமெரிக்க வீட்டில் வீதிக் குழாய்த் தண்ணீர் அழுத்தத்தோடு வந்து நேராக பைப்புக்குப் போகிறது. அங்கே வாசலில் கார்பன், அதாவது கரி நிரப்பிய ஃபில்டர் பூட்டினால் குளோரின் போன தண்ணீர் உடனே பாவனைக்கு வந்துவிடும். நம் வீட்டில் வழி வேறு: மீற்றர், சம்ப், மோட்டர், கூரைத் தாங்கி, அதன்பிறகே பைப். தண்ணீர் ஒன்றிரண்டு நாள் தாங்கியில் வெயிலில் வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. அந்த நேரத்தில் கிருமி வளராமல் காப்பது சபை போட்டு அனுப்பும் மிச்சக் குளோரின் ஒன்றுதான். கார்பன் செய்யும் முதல் வேலை அந்தக் குளோரினை எடுப்பது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் என் வீட்டில் மோட்டருக்கும் தாங்கிக்கும் நடுவில் பெரிய கார்பன் ஒன்றைப் பெருமையோடு பூட்டினேன். தண்ணீரில் வாடையே இல்லை, மனைவிக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் போனதும் தாங்கிச் சுவரைத் தடவினால் வெண்டிக்காய் மாதிரி வழுவழுப்பு. நானே காசு கொடுத்து என் தாங்கியின் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

ஆகவே தாங்கிக்கு முன்னால் மண், துரு பிடிக்கும் ஃபில்டர் மட்டும். கார்பன் தாங்கிக்குப் பின்னால், அதுவும் குடிக்க, சமைக்க எடுக்கும் பைப்பில் மட்டும். நான் சொல்வதில் வேறொன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

மண் பிடிக்கும் ஃபில்டர் என்றால் ஹார்ட்வெயார் கடைகளில் "பிக் ப்ளூ" என்று கேட்டால் தருவார்கள். 20 அங்குல உயரமும் நாலரை அங்குல அகலமும் கொண்ட திரி போகும் நீலக் கூடு. உள்ளே போவது பிபி என்ற பிளாஸ்டிக்கில் செய்த வெள்ளைத் திரி. சின்னப் பத்து அங்குலக் கூட்டை முழு வீட்டுக்கும் வாங்காதீர்கள், மழைக்காலத்தில் ஒரு கிழமையில் அடைத்துவிடும். முதல் கூட்டில் 20 மைக்ரோன் திரி, இரண்டாவதில் அதைவிட நுண்ணிய 5 மைக்ரோன் திரி என்று தொடராக வைத்தால் திரி கூடுதல் நாள் உழைக்கும். 1 மைக்ரோன் நல்லது என்று சொல்லி விற்பார்கள். இந்த இடத்துக்கு அது தேவையில்லை.

இதை ஏன் மோட்டருக்கும் தாங்கிக்கும் நடுவில் வைக்கச் சொல்கிறேன் என்றால், அழுத்தம் அங்கேதான் இருக்கிறது. தாங்கியில் இருந்து இறங்கும் தண்ணீருக்குப் பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார்தான் அழுத்தம். உங்கள் ஷவருக்கு மேலே தாங்கி மூன்று மீற்றரில் இருந்தால் வெறும் 0.3 பார். அந்தப் பாதையில் ஃபில்டரைப் பூட்டினால் புதுத் திரியிலேயே ஷவர் சோர்ந்துவிடும், திரி பாதி அடைத்ததும் வாளியில்தான் குளிப்பு. மோட்டர்ப் பக்கம் என்றால் தாங்கி நிரம்ப இன்னும் ஐந்து நிமிஷம் எடுக்கும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனம்: வீதிக் குழாயிலேயே நேராக மோட்டரைப் பூட்டி இழுக்காதீர்கள். குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, வெடிப்புகள் வழியாகக் கான் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். உங்களுக்கு மட்டுமல்ல, வீதியில் எல்லாருக்கும்.

பூட்டும்போது பிளம்பரிடம் சொல்ல வேண்டியவை சில. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வால்வு, சுற்றிப் போக மூன்றாவது வால்வு ஒன்று. அது இல்லாவிட்டால் திரி மாற்றும் நேரத்தில் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. முன்னும் பின்னும் அழுத்தமானி இருந்தால் இரண்டு முள்ளுக்கும் இடையே வித்தியாசம் கூடும்போது திரி மாற்றலாம், நாட்காட்டியைப் பார்க்கத் தேவையில்லை. கூட்டுக்குக் கீழே ஒரு வாளி வைக்கும் அளவு இடம் விடுங்கள். நம்மவர்கள் நிலத்தோடு ஒட்டிப் பூட்டிவிட்டு, பிறகு கழற்ற முடியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வெயில் படும் சுவரில் வேண்டாம். கண்ணாடி போன்ற கூடு என்றால் பாசியும் பிடிக்கும். ரப்பர் வளையத்துக்கு வாஸ்லின் பூசும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அது சிலவகை ரப்பரை ஊதவைக்கும், சிலிக்கோன் கிரீஸ் வாங்கிப் பூசுங்கள்.

குசினியில் ஒரு கார்பன் பிளொக். வாங்கும்போது பெட்டியில் என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கத் தர நிறுவனத்தின் 42 அல்லது 53 என்ற எண்ணைப் பாருங்கள். 42 குளோரின், சுவை, மணத்துக்கு. 53 ஈயம் போல உடம்புக்குத் தீங்கானவற்றுக்கு, எதற்கென்று பெட்டியிலேயே தனியாக எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு யூ.வி. விளக்கு, அதாவது கிருமியைக் கொல்லும் புறஊதா விளக்கு வைப்பது உங்கள் விருப்பம். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒளி கண்ணுக்குத் தெரியும்போதே கிருமி கொல்லும் பலம் குறைந்திருக்கும். கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் குழாய். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். என் வீட்டில் யூ.வி. இல்லை. கார்பனில் வடித்து, கொதிக்கவைத்து, ஆறவிட்டுக் குடிக்கிறோம். கொதித்தாறிய தண்ணீரை வெல்ல இன்னும் ஒரு பெட்டி வரவில்லை என்பது என் கட்சி.

கோடையில், பெப்ரவரி மார்ச் பக்கம் களனியில் தண்ணீர் வற்றும்போது கடல் உப்பு ஆற்றுக்குள் மேலேறும். அம்பத்தலேயில் அதைத் தடுக்க அணை போட்டிருக்கிறார்கள். அப்படியும் ஒருநாள் தண்ணீர் கரித்தால் மேலே நான் பூட்டச் சொன்ன எந்த ஃபில்டரும் அதை எடுக்காது. கொதிக்கவைத்தாலும் போகாது. குடிக்க மட்டும் போத்தல் வாங்கிச் சமாளியுங்கள்.

இனிக் கிணறு. இது வேறு பிராணி. 2022லும் 2023லும் தண்ணீர்க் கட்டணம் ஏறிய பிறகு மூடி வைத்த கிணறுகளைப் பலர் திறந்தார்கள், நியாயம்தான். நீங்கள் சொல்லும் குறி, அள்ளும்போது தெளிவு, மறுநாள் பழுப்பு, அது கரைந்த இரும்பு. காற்றில்லாத நிலத்துக்குள் இரும்பு கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டதும் துருவாகும். உறுதிப்படுத்த ஒரு பிளேன்டீ போட்டுப் பாருங்கள். இரும்புத் தண்ணீரில் தேயிலைச் சாயம் மை மாதிரிக் கறுக்கும். தரத்தில் இரும்புக்கு எல்லை லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். அதைத் தாண்டினால் வெள்ளை உடுப்பிலும் கொமோட்டிலும் கறை ஏறும்.

கரைந்த இரும்பை பிக் ப்ளூ பிடிக்காது, தண்ணீரில் கரைந்த சர்க்கரை சல்லடையில் நிற்குமா? முதலில் அதைத் துருவாக்கி, பிறகு வடிக்க வேண்டும். தண்ணீரைத் துளையிட்ட குழாயால் மழைபோல் ஒரு தாங்கிக்குள் விழவிட்டு, காற்றை ஏற்றி, பின்னர் மணல் அல்லது இரும்பு பிடிக்கும் மணிகள் நிரப்பிய வெசல் என்ற உருளை வழியாக விடுவார்கள். கேட்க லேசு. ஆனால் கொழும்பில் பலருக்கு இது தோற்றுப்போகிறது, காரணம் பி.எச்., அதாவது தண்ணீரின் புளிப்பைக் காட்டும் அளவு. கபுக்கல், அதாவது செம்பூரான் கல் நிலத்துக் கிணறுகள் பெரும்பாலும் புளிப்புப் பக்கம் சாய்ந்தவை. பி.எச். 6க்குக் கீழே போவதும் சாதாரணம். இரும்பு காற்றில் துருவாகும் வேகம் பி.எச். ஒன்று குறைந்தால் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். 7இல் நிமிஷக் கணக்கில் நடப்பது 6இல் மணித்தியாலக் கணக்காகும், இன்னும் இறங்கினால் தாங்கியில் நாள் முழுக்கக் காற்று ஊதினாலும் இரும்பு கரைந்தபடியே வெசலைத் தாண்டிப் போய்விடும். உங்கள் சட்டையில் போய்த்தான் துருவாகும். அதனால் முதலில் சுண்ணாம்புக் கல் சில்லு நிரப்பிய வெசலில் விட்டு பி.எச்.சை உயர்த்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தக் கல்லைத் திட்டித் திட்டியே வளர்ந்தோம், இங்கே காசு கொடுத்து மூட்டையில் வாங்குகிறோம்.

அந்த வெசல்களை அடிக்கடி தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவ வேண்டும். பத்து அங்குல விட்டமுள்ள வெசலுக்கு நிமிஷத்துக்கு இருபது முப்பது லீற்றராவது வேண்டும். உங்கள் மோட்டர் அவ்வளவு தருமா என்று ஒரு வாளியையும் மணிக்கூட்டையும் வைத்து அளந்து பார்த்துவிட்டே வெசல் வாங்குங்கள். தராவிட்டால் துரு உள்ளேயே இறுகிக் கல்லாகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஆய்வுகூடப் பரிசோதனை. நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்திலும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்திலும் செய்யலாம். பி.எச்., இரும்பு, மங்கனீசு, குளோரைட்டு, நைத்திரேட்டு, அமோனியா, மலத்தில் இருந்து வரும் கிருமியான ஈ.கோலை, இவ்வளவும் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்குப் போத்தலை அவர்களிடமே வாங்குங்கள், ஜாம் போத்தலைக் கழுவிக்கொண்டு போகாதீர்கள். நூறு மில்லிலீற்றரில் ஒரு ஈ.கோலை கூட இருக்கக்கூடாது என்பதே தரம். களுபோவிலையில் ஏழெட்டுப் பேர்ச்சஸ் காணியில் கிணறும் நாலு பக்கத்து வீட்டு மலக்குழியும் எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்கே தெரியும். அமோனியாவும் நைத்திரேட்டும் ஏறி ஈ.கோலையும் வந்தால் அந்தக் கிணற்றைக் குடிநீராக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் கடற்பக்கச் சவர் ஏறியிருக்கலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கிணற்றுக்கு வெசலே பூட்ட மாட்டேன். கொமோட், தோட்டம், வாகனம் கழுவ என்று தனித் தாங்கி, தனிக் குழாய். மூன்று நாளைக்கு ஒருமுறை கொமோட்டைத் தேய்த்தால் இரும்புக் கறை போகும், அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு குழாயும் எந்த இடத்திலும் இணையக்கூடாது. பைப் தண்ணீர் நிற்கும் நாளுக்கு உதவும் என்று பிளம்பர் நடுவில் ஒரு வால்வு வைத்து இணைத்துத் தருகிறேன் என்பார். அந்த வால்வு ஒருநாள் கசியும், கிணற்றுத் தண்ணீர் குசினிக்கு வரும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

வாங்கும் வரிசை கேட்டால்: இரண்டு போத்தல் சோதனை, தாங்கி கழுவுதல், தேவையானால் ஜி.ஐ. குழாய் மாற்றம், இரண்டு பிக் ப்ளூ, குசினிக் கார்பன். விற்பனையாளர் சொன்ன விலையோடு இதை வைத்துப் பாருங்கள். மிச்சத்தில் நீச்சல் குளத்துக்கு விற்கும் குளோரின் சோதனைப் பெட்டி ஒன்றும் வாங்குங்கள், சின்னது. மாதம் ஒருமுறை தாங்கித் தண்ணீரில் சொட்டு விட்டுப் பாருங்கள். லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். நிறமே வரவில்லை என்றால் மறுபடி ஏணியை எடுங்கள்.